பெரிஸ்கோப் வட்டத்துக்குள்ள யாரு இருக்காங்க?

நாமக்கல்லில் இருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க 150 கிலோமீட்டருக்கு மேல போகணும். நம்ம பக்கம் தண்ணில மிதக்கிற வண்டின்னா காவிரியில ஓடுற பரிசல்தான். அப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு பல ராத்திரி நான் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டியிருக்கேன். கம்ப்யூட்டர்லதான், பயந்துடாதீங்க :-)

கேம் பேரு சைலன்ட் ஹன்டர் 3. யுபிசாஃப்ட் கம்பெனியோட ருமேனியக் கிளை செஞ்சு 2005-ல் வந்தது. இரண்டாம் உலகப் போர், அட்லாண்டிக் கடல், நீங்க ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டன். பெரிஸ்கோப்பை உயர்த்தி கப்பலைத் தேடணும், தூரம் அளக்கணும், டார்பிடோ விடணும்.

ஒரு ராத்திரி வட்டத்துக்குள்ள ஒரு சரக்குக் கப்பல் வந்துச்சு. மங்கலான நிழல், ரெண்டு மாஸ்ட், நடுவுல ஒரு புகைபோக்கி. பிரிட்டிஷ் கப்பலேதான்னு முடிவு பண்ணி ரெண்டு டார்பிடோ விட்டேன். ரெண்டும் பட்டுச்சு. ஜாலியாக் கிட்டப் போய்ப் பார்த்தா, பறக்குறது நடுநிலை நாட்டுக் கொடி! கேம் என் புள்ளியைக் குறைச்சுட்டு சும்மா விட்டுடுச்சு. ஆனா எனக்குத் தூக்கம் வரலை. அந்த வட்டம் என்னை ஏமாத்துச்சா, இல்ல நான்தான் சரியாப் பார்க்கலையா?

அந்தக் கேள்வியில இருந்து ஆரம்பிச்ச தேடல் இது. பெரிஸ்கோப், பைனாகுலர் காட்சியை கேமுக்குள்ள நிஜம் மாதிரி கொண்டுவர என்னவெல்லாம் பாடுபட்டிருக்காங்க, நிஜத்துல அது எப்படி இருந்துச்சுன்னு சேர்த்து வச்ச விஷயங்கள். கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கோங்க.

எம்டனின் நாலாவது புகைபோக்கி

கடல்ல கண்ணாடி வழியாப் பார்த்து ஏமாறுறதுக்கு நம்ம மாநிலத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பேரு இருக்கு. எம்டன். 'அவன் பெரிய எம்டன்டா'ன்னு இன்னிக்கும் சொல்றோம்ல, அதேதான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் இந்த ஜெர்மன் கப்பல் சென்னைக் கடற்கரைக்குப் பக்கத்துல வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல குண்டு போட்டுச்சு. சுமார் 130 குண்டு. சில நிமிஷத்துல வேலையை முடிச்சுட்டு இருட்டுல மறைஞ்சு போச்சு. கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர்.

இது நீர்மூழ்கி இல்லை, மேல மிதக்கிற போர்க்கப்பல்தான். ஆனா நம்ம கதைக்கு முக்கியமான விஷயம் இதோட புகைபோக்கி. எம்டனுக்கு மூணு புகைபோக்கி. இந்தியப் பெருங்கடல்ல திரிஞ்ச பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத்துக்கு நாலு. அதனால எம்டன்காரங்க கித்தானையும் மரத்தையும் வச்சு நாலாவதா ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டினாங்க. அந்த வேஷத்தோடதான் 1914 அக்டோபர் 28 விடியக்காலையில் பினாங்கு துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சு ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடிச்சது. பன்னிரண்டு நாள் கழிச்சு, நவம்பர் 9-ல், கோகோஸ் தீவுக்குப் பக்கத்துல ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனோட கதையை முடிச்சது வேற விஷயம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கித்தான் குழாய், ஒரு போர்க்கப்பலை வேற கப்பலா மாத்திடுது. ஏன்னா பைனாகுலர்ல பார்க்குறவன் முழுக் கப்பலையும் பார்க்குறதில்லை. புகைபோக்கியை எண்ணுறான், மாஸ்ட்டை எண்ணுறான், மீதியை மனசு நிரப்பிக்குது. நான் அந்த ராத்திரி பண்ணதும் அதேதான்.

டப்ளினில் இருந்து கோடைக்கானல் வரை

பெரிஸ்கோப்புன்னா அடிப்படையில் ஒரு குழாய், மேலயும் கீழயும் ஒளியைத் திருப்ப முப்பட்டகக் கண்ணாடி, நடுவுல வரிசையா லென்ஸ். ஸ்கூல்ல அட்டைப்பெட்டியும் முகம் பார்க்கிற கண்ணாடியும் வச்சு செஞ்சிருப்போம். ஆனா அந்த அட்டைப்பெட்டியை 40 அடி நீளத்துக்கு நீட்டி, உச்சியை சில சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறுக்கி, கடல் தண்ணி உள்ள போகாம அடைச்சு, அதுலயும் தெளிவாத் தெரியணும்னா அது பெரிய வித்தை.

பிரிட்டிஷ் கடற்படை 1901-ல் தன் முதல் நீர்மூழ்கியைத் தண்ணில இறக்கினப்போ, பெரிஸ்கோப்புக்காக அவங்க போன ஆள் டப்ளின் நகரத்து ஹோவர்ட் கிரப். வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கி செய்யற குடும்பம். இந்த கிரப் கம்பெனி செஞ்ச 20 அங்குலத் தொலைநோக்கி ஒண்ணு புனேயில் இருந்துச்சு. அது 1912-ல் நம்ம கோடைக்கானல் வான்நோக்கு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. நட்சத்திரம் பார்க்க லென்ஸ் தேய்ச்ச கையேதான் கடலுக்கடியில் இருந்து எட்டிப் பார்க்கவும் லென்ஸ் தேய்ச்சிருக்கு.

அந்த ஆரம்பகாலப் பெரிஸ்கோப்புல ஒரு வேடிக்கை. நேர் முன்னாடி பார்த்தா காட்சி நிமிர்ந்து இருக்கும். பக்கவாட்டுல திருப்பினா கப்பல் படுத்துக்கிட்டு இருக்கும். பின்பக்கம் திருப்பினா தலைகீழ்! எந்த கேமும் இதைக் காட்டி நான் பார்த்ததில்லை. யாராவது செஞ்சா நான்தான் முதல்ல வாங்குவேன் :-)

இன்னொரு விஷயம் வெளிச்சம். பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போயிடும். உள்ள 20 பரப்பு இருந்தா கண்ணுக்கு வந்து சேர்றது 44 சதவீதம்தான். 1935-ல் ஜெய்ஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா பிரதிபலிப்பைக் குறைக்கிற மேல்பூச்சைக் கண்டுபிடிச்ச பிறகுதான் இந்த நிலைமை மாற ஆரம்பிச்சுது. ஆக, பழைய போரைக் காட்டுற கேம்ல பெரிஸ்கோப் காட்சி வெளிக் காட்சியை விட மங்கலா இருக்கணும். பல கேம்ல அதே பளிச்சுன்னு வெளிச்சம், சுத்தி ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான்.

32, 8, 48

இப்போ கணக்கு. அந்தப் போர்க்காலத்து அமெரிக்க நீர்மூழ்கிப் பெரிஸ்கோப்புல ரெண்டு நிலை உண்டு. ஒண்ணு 1.5 மடங்கு பெரிசாக் காட்டும், அதுல 32 டிகிரி அகலம் தெரியும். இன்னொண்ணு 6 மடங்கு, அதுல 8 டிகிரி மட்டும். ஜெர்மன்காரங்களும் இதே 1.5, 6 தான் வச்சிருந்தாங்க.

1.5 எதுக்கு, ஒண்ணுன்னே வச்சிருக்கலாமேன்னு தோணும். ஒத்தக் கண்ணை வச்சு ஒரு குழாய் வழியாப் பார்க்கும்போது ஒரு மடங்குக் காட்சி நிஜத்தை விடச் சின்னதாத் தோணுமாம். தூரத்தைத் தப்பா நினைச்சுடுவாங்க. ஒண்ணரை மடங்கு வச்சாத்தான் வெறுங்கண்ணால பார்க்கிற மாதிரி இருக்கும். கருவியைச் செஞ்சவங்க கண்ணை மட்டும் இல்லாம மனசையும் அளந்திருக்காங்க.

தூரம் எப்படி அளக்குறது? குழாய்க்குள்ள ஒரு கருவி காட்சியை ரெண்டாப் பிரிக்கும். ஒரு கப்பல் ரெண்டு கப்பலாத் தெரியும். ஒரு பிம்பத்தின் மாஸ்ட் உச்சியை இன்னொண்ணின் நீர்மட்டத்தில் உட்கார வச்சா கோணம் கிடைக்கும். மாஸ்ட்டின் உயரம் தெரிஞ்சா தூரம் வந்துடும். 25 மீட்டர் மாஸ்ட் 5 கிலோமீட்டர் தூரத்துல கால் டிகிரியை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் ஆரம்பிச்ச பெரிய நில அளவையும் தெரிஞ்ச நீளம், அளந்த கோணம், அதிலிருந்து தெரியாத தூரம்ங்கிற இதே சூத்திரம்தான். கன்னியாகுமரியில் இருந்து இமயம் வரைக்கும் போன அந்தப் பெரிய வில்லோட்டம் 78-வது தீர்க்கரேகையை ஒட்டிப் போனது. சேலமும் நாமக்கல்லும் இருக்கிறது ஏறக்குறைய அதே ரேகையில்தான்.

லாரியே மாஸ்ட், ரோடே கடல்

கடல் இல்லாட்டி என்ன, நம்மகிட்ட லாரி இருக்கேன்னு எனக்கு ஒரு யோசனை. நாமக்கல்காரனுக்கு லாரி உயரம் சொல்லித் தரணுமா? 2018-ல் சரக்கு லாரிக்கு சட்டப்படி உயர வரம்பு 3.8 மீட்டரா இருந்துச்சு. அந்த உயரத்துக்கு பாடி கட்டின லாரி ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்னா, கண்ணுக்கு அது எத்தனை உயரமோ, ஆறரை கிலோமீட்டர் தள்ளி 25 மீட்டர் மாஸ்ட்டும் அதே உயரம். கையை நீட்டி ஸ்கேலைப் பிடிச்சா 2.3 மில்லிமீட்டர்.

2018-ல் சேலம் அயோத்தியாபட்டணம் தாண்டி நேரா இருந்த ஒரு சாலை ஓரத்துல, பைனாகுலரும் ஸ்கேலும் நோட்டுமா நின்னு வர்ற லாரிகளை அளந்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துக் காட்டுல வேலையா இருந்த ஒரு பெரியவர் விறுவிறுன்னு வந்தார். முகத்துல ஒரு கலவரம்.

'ஏனுங் தம்பி, எட்டு வழிச் சாலைக்கா அளக்குறீங்க?'

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் உறைச்சுது. சேலம் – சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க அளவைக் கல்லு நட்டுக்கிட்டு இருந்த வருஷம் அது. காட்டுக்குள்ள யாராவது ஒரு கருவியை வச்சு எட்டிப் பார்த்தாலே மக்களுக்கு அடிவயிறு கலங்கின நேரம்.

'இல்லீங்கய்யா, இது கம்ப்யூட்டர்ல கப்பல் விளையாட்டுக்குங்க'ன்னேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

'லாரியப் பாத்தா கப்பலு தெரியுதுங்களாக்கும்?'

சிரிச்சுட்டுத்தான் போனார். ஆனா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனார். என் கண்ணாடிக்கு அவர் காடு வெறும் பின்னணி. அவருக்கு நான் ஒரு ஆபத்து. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கறவனுக்கும் அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ஸ்கேல் இல்லாமலே அன்னிக்குத் தெரிஞ்சுது. அந்தத் திட்டத்துக்கு நிலம் எடுத்ததை 2019 ஏப்ரல்ல சென்னை உயர்நீதிமன்றம் ரத்து பண்ணதும், 2020 டிசம்பர்ல உச்சநீதிமன்றம் திட்டத்துக்கு மறுபடி வழி விட்டதும் உங்களுக்குத் தெரிஞ்ச கதை.

காசு போட்டா கடல்

கேமுக்கு வருவோம். பெரிஸ்கோப் விளையாட்டு கம்ப்யூட்டருக்கு முன்னாடியே இருந்துச்சு. 1960-களின் நடுவுல ஜப்பான்ல வந்த 'பெரிஸ்கோப்' மெஷின் முழுக்க எலக்ட்ரிக் சாமான்தான். அட்டையில வெட்டின கப்பல்கள் சங்கிலியில நகரும், பிளாஸ்டிக் அலைக்கு அடியில விளக்கு வரிசையா எரிஞ்சு டார்பிடோ போற மாதிரி காட்டும். செகா கம்பெனி அதை அமெரிக்காவுக்கு அனுப்பினப்போ ஒரு ஆட்டத்துக்கு 25 சென்ட். 1976-ல் மிட்வே கம்பெனியின் 'சீ வுல்ஃப்' வந்தது. திரை வீடியோ, ஆனா ஆடுறவன் முகத்தை வைக்கிறதுக்கு நிஜமாவே ஒரு பெரிஸ்கோப் மூடி. அதைத் திருப்பினா குறி நகரும்.

நம்ம ஊர்த் திருவிழாவுல பயாஸ்கோப் பெட்டிக்குள்ள கண்ணை வச்சுப் பார்த்தவங்களுக்கு அதோட மகிமை புரியும். பெட்டிக்குள்ள கண்ணை வச்ச உடனே வெளி உலகம் காணாமப் போயிடும். அந்தப் பழைய மெஷின்கள் படத்துல கோட்டை விட்டாலும் இந்த விஷயத்துல ஜெயிச்சுட்டாங்க.

வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தப்போ மூடி போச்சு, வட்டம் மட்டும் மிச்சம். 1984-ல் 'காட்டோ', 1985-ல் சிட் மையரின் 'சைலன்ட் சர்வீஸ்', 1994-ல் 'ஏசஸ் ஆஃப் தி டீப்', 1996-ல் முதல் 'சைலன்ட் ஹன்டர்'. ஆரம்பத்துல இருந்த திரையில் மொத்தமே 200 வரி. வட்டத்துக்கு 100 புள்ளி கிடைச்சதுன்னு வச்சுக்கிட்டாக்கூட, 8 டிகிரியை அதுல அடைச்சா, 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாஸ்ட்டுக்கு மூணரைப் புள்ளி! அதை வச்சு என்னத்தைத் தூரம் அளக்குறது? அதனால தூரத்தையும் வேகத்தையும் கேமே நம்பரா எழுதிக் காட்டிடுச்சு.

2005-ல் 1024க்கு 768 திரை வந்தப்போதான் கண்ணால அளக்கலாம்ங்கிற நிலைமை. அதே மாஸ்ட்டுக்கு 6 மடங்கில் 27 பிக்சல். ஒரு பிக்சல் தப்பாப் பார்த்தா 180 மீட்டர் பிழை. பரவாயில்லை, சமாளிக்கலாம். ஆனா 1.5 மடங்குல வச்சு அளந்தா ஏழே பிக்சல். அங்க ஒரு பிக்சல் தப்புனா 700 மீட்டர் போச்சு. இதுல கப்பலையே தப்பா அடையாளம் கண்டா இன்னும் மோசம். மாஸ்ட் 20 மீட்டர்தான், நீங்க 25-ன்னு நினைச்சீங்கன்னா, 4 கிலோமீட்டர்ல இருக்கிற கப்பல் 5 கிலோமீட்டர்ல இருக்கிறதாக் கணக்கு சொல்லும். இதுக்காகவே அமெரிக்கக் கடற்படை ஜப்பானிய வணிகக் கப்பல்களின் உருவங்களைத் தொகுத்து ஓஎன்ஐ 208-ஜே ன்னு ஒரு கையேடே போட்டு வச்சிருந்துச்சு.

ஒத்தக் கண்ணும் ஒரு அடி தூரமும்

சைலன்ட் ஹன்டர் 3 வந்ததும் உலகம் முழுக்க ஆர்வலர்கள் அதைத் திருத்த ஆரம்பிச்சாங்க. கேமரா கோணங்கள் ஒரு கோப்புக்குள்ள இருக்கு, அதை மாத்தலாம்னு கண்டுபிடிச்சாங்க. எட்டு கிலோமீட்டரோட நின்ன கடலைப் பதினாறு கிலோமீட்டருக்கு நீட்டினாங்க. கிரே வுல்வ்ஸ் மாதிரி பெரிய மாட் எல்லாம் இப்படிப் பொறந்ததுதான். காசு வாங்காம, ராத்திரி கண் முழிச்சு செஞ்ச வேலை. அவங்களுக்கு ஒரு கும்பிடு.

நானும் எனக்காக அந்தக் கோணத்தை மாத்திப் பார்த்தேன். அங்கதான் ஒரு பெரிய சிக்கல் புரிஞ்சுது.

1.5-ஐ 32-ஆல் பெருக்குங்க. 48. 6-ஐ 8-ஆல் பெருக்குங்க. அதுவும் 48. அதாவது எந்த நிலையில பார்த்தாலும் பெரிஸ்கோப் வட்டம் கேப்டன் கண்ணுல 48 டிகிரிக்கு விரிஞ்சிருக்கும். நம்ம 17 அங்குல மானிட்டரின் உயரம் 27 சென்டிமீட்டர். ரெண்டடி தள்ளி உட்கார்ந்தா அது 25 டிகிரிதான். 48 டிகிரி வட்டத்தை 25 டிகிரியில் அடைச்சா, 6 மடங்கு மூணு மடங்கு மாதிரி ஆயிடும். சரி, கப்பலைப் பெரிசாக் காட்டலாம்னு கோணத்தைப் பாதியாக்கினா, வட்டத்துக்குள்ள தெரியற கடல் பாதியாயிடும். ஒண்ணு அகலம் சரியா இருக்கும், இல்ல உருவம் சரியா இருக்கும். சின்னத் திரையில ரெண்டும் சேர்ந்து வராது. கேம் செய்யறவங்க ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்காங்க. 'இந்த கேம் பெரிஸ்கோப்புல கப்பல் சின்னதாத் தெரியுது'ன்னு திட்டுறவங்க பாதி, 'அகலம் பத்தலை'ன்னு திட்டுறவங்க பாதி. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்!

இதுக்கு ஒரு வழி இருக்கு. காசு செலவில்லாத வழி. அகலத்தை 32, 8-ன்னு நிஜ அளவுல வச்சுட்டு, வட்டத்தைத் திரையின் முழு உயரத்துக்கு விட்டுட்டு, அறை விளக்கை அணைச்சு, ஒரு கண்ணை மூடி, மானிட்டருக்கு ஒரு அடி தூரத்துல முகத்தைக் கொண்டு போங்க. அந்த தூரத்துல 27 சென்டிமீட்டர் வட்டம் ஏறக்குறைய சரியா 48 டிகிரி. கப்பலும் நிஜ அளவு, கடலும் நிஜ அகலம். அந்தக் காலத்து சீ வுல்ஃப் மெஷின் மூடியை மாட்டி வச்சது சும்மா இல்லைன்னு அப்பத்தான் உணர்ந்தேன். வீட்ல இருக்கறவங்க பார்த்து என்ன நினைப்பாங்கங்கிறது உங்க பாடு :-)

காட்டாம இருக்கிறதுதான் வேலை

மத்ததெல்லாம் எதை எடுக்கணும்ங்கிற கணக்குதான்.

பெரிஸ்கோப் தண்ணிக்கு மேல ஒரு மீட்டர்தான் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த உயரத்துக்கு அடிவானம் மூணரை கிலோமீட்டர்தான். அதுக்கு அப்பால இருக்கிற கப்பலோட அடிப்பாகம் பூமியின் வளைவுல மறைய ஆரம்பிக்கும், மேல்பாகம் மட்டும் மிதக்கும். கடலைத் தட்டையான பலகையா வச்ச பழைய கேம்கள் முழுக் கப்பலையும் காட்டிடும். அப்புறம் அலை. ஒரு மீட்டர் அலை வந்தாலே கண்ணாடி முழுகும், மேல வந்ததும் தண்ணி வழிஞ்சு காட்சி கலங்கும்.

நேரமும் முக்கியம். பெரிஸ்கோப் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போனா வெள்ளையா ஒரு நுரைக்கோடு விழும், எதிரி பார்த்துடுவான். அதனால கேப்டன்கள் சில நொடி எட்டிப் பார்த்துட்டு இறக்கிடுவாங்க. மீதிப் படத்தை மனசுல வச்சுக்கணும். நாம கேம்ல டீ குடிச்சுக்கிட்டே பத்து நிமிஷம் பார்த்துக்கிட்டு இருக்கோம்!

பைனாகுலருக்கும் இதே கதி. சினிமாவுல பைனாகுலர்னா எட்டைப் படுக்க வச்ச மாதிரி ரெண்டு வட்டம் காட்டுவாங்க. நிஜத்துல சரியாப் பிடிச்சா ஒரே வட்டம்தான், ரெண்டு கண்ணும் பார்க்குறதை மூளை ஒண்ணாச் சேர்த்துடும். கடற்படைகள் பயன்படுத்தினது 7×50. ஏழு மடங்கு, 50 மில்லிமீட்டர் லென்ஸ். 50-ஐ ஏழால் வகுத்தா ஏழு மில்லிமீட்டர் சொச்சம். இருட்டுல நம்ம கண்ணின் பாப்பா விரியறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ராத்திரிக்குன்னே செஞ்ச கண்ணாடி அது.

இதையெல்லாம் ஒண்ணொண்ணா கேம்ல சேர்த்துப் பார்த்தா, ஒவ்வொரு திருத்தமும் ஆடுறவன்கிட்ட இருந்து எதையாவது பிடுங்குது. அகலத்தை, வெளிச்சத்தை, நேரத்தை. கடைசியில் மிஞ்சுறது சந்தேகம் மட்டும்தான். என்னைக் கேட்டா, அந்தச் சந்தேகம்தான் நிஜமான பெரிஸ்கோப் காட்சி.

நிஜத்துல அந்தச் சந்தேகத்துக்கு விலை உண்டு. பிரிட்டன் போரை அறிவிச்ச அன்னிக்கே, 1939 செப்டம்பர் 3, யு-30 நீர்மூழ்கியின் கேப்டன் லெம்ப், விளக்கை அணைச்சுட்டு வளைஞ்சு வளைஞ்சு போன அதீனியாங்கிற பயணிகள் கப்பலை ஆயுதம் தாங்கின கப்பல்னு நினைச்சு அடிச்சார். நூத்துக்கும் மேல செத்தாங்க. தப்பு தெரிஞ்ச பிறகு கப்பலோட குறிப்பேட்டையே மாத்தி எழுதினாங்க. எனக்கு கேம்ல புள்ளிதான் போச்சு.

ஐ-29

கடைசியா, நம்மவங்க கதை. எனக்கு ரொம்ப நாளா மனசுல கிடக்கிறது.

1942 நவம்பரில் எஸ்.எஸ். திலாவாங்கிற பயணிகள் கப்பல் பம்பாயில் இருந்து ஆப்பிரிக்காவில் இருக்கிற மொம்பாசாவுக்குக் கிளம்புச்சு. உள்ள 958 பேர். பயணிகள் பெரும்பாலும் இந்தியர்கள், குடும்பம் குட்டியோட. நவம்பர் 23, விடியறதுக்கு முன்னாடி, ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 டார்பிடோ விட்டுச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. 280 பேர் செத்துப் போனாங்க. அந்த இருட்டுல கண்ணாடி வழியா ஒரு கப்பலின் உருவம் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும். உள்ள இருந்த குழந்தையை எந்த லென்ஸ் காட்டும்?

அஞ்சு மாசம் கழிச்சு, 1943 ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கர் பக்கத்துல கொந்தளிக்கிற கடல்ல ரெண்டு நீர்மூழ்கிகள் சந்திச்சுக்கிட்டன. ஒண்ணு ஜெர்மனியில் இருந்து வந்த யு-180. அதுல இருந்து ரெண்டு பேர் ரப்பர் படகுல ஏறி, அலையில நனைஞ்சு, ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினாங்க. ஒருத்தர் ஆபிட் ஹசன். இன்னொருத்தர் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ்.

அந்த ஜப்பானிய நீர்மூழ்கி எது தெரியுமா? அதே ஐ-29.

மலேயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்த நம்ம தமிழ்ச் சனங்க ஆயிரக்கணக்கில் நேதாஜி பின்னாடி போனாங்க. அந்தத் தலைவரைக் கொண்டு வந்து சேர்த்த கப்பலை நினைச்சா நன்றியாத்தான் இருக்கும். திலாவாவுல அம்மா அப்பாவைப் பறிகொடுத்த வீட்டுல அதே கப்பலை எப்படி நினைப்பாங்க? ரெண்டு வீடும் நம்ம வீடுதான். 1944 ஜூலை 26-ல் அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் விட்ட டார்பிடோவில் அந்த ஐ-29-ம் மூழ்கிடுச்சு. அன்னிக்கு அது ஒரு வட்டத்துக்குள்ள வெறும் நிழல்.

இப்பவும் கேம் ஆடுறேன். விடலை. ஆனா பளிச்சுன்னு காட்டுற மாட் எதையும் போடுறதில்லை. மங்கல், நனைஞ்ச கண்ணாடி, சில நொடிப் பார்வை, இப்படித்தான் வச்சிருக்கேன். கொடி தெரியலைன்னா டார்பிடோ கிடையாது. சில ராத்திரி ஒண்ணுமே அடிக்காம விடிஞ்சுடும், பரவாயில்லை.

நிஜமான நீர்மூழ்கியைப் பார்க்க ஆசைப்படுறவங்க விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போங்க. 1969-ல் கடற்படையில் சேர்ந்து 2001-ல் ஓய்வு பெற்ற ஐஎன்எஸ் குர்சுரா அங்க 2002-ல் அருங்காட்சியகமாச்சு. சுமார் 91 மீட்டர் நீளம், உள்ள நடந்து போகலாம். நம்ம மாமல்லபுரத்துலயும் ஐஎன்எஸ் வாக்லியை வச்சு இப்படி ஒண்ணு அமைக்கத் திட்டம் போட்டாங்க, அது நடக்காமலே போச்சு. வந்திருந்தா சேலத்துல இருந்து ராத்திரி பஸ் ஏறி விடியக்காலையில் போய் நின்னிருப்பேன்.

டிஸ்கி: அயோத்தியாபட்டணம் பக்கம் லாரி அளக்க யாரும் போயிடாதீங்க. போனா முதல்ல காட்டுக்காரங்ககிட்ட என்ன பண்றோம்னு சொல்லிட்டு அளங்க. நான் சொல்லலை, அந்தத் தப்பு என்னுது.